கடையைப் பிள்ளை எடுப்பானா? வண்ணாரப்பேட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன ஆபீஸ் வைத்து, அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன். மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது பில் கட்டோடு வருகிறவர்கள் வேலை முடிந்ததும் எழுந்து போவதில்லை. டீ வரும். ஆறின டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், பையன் விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர், தண்டையார்பேட்டை மாவு மில்காரர், மண்ணடி இரும்புக் கடைக்காரர், காசிமேட்டுப் படகு முதலாளி என்று ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் ஒரு பாத்திரக்கடைக்காரரின் மகள். சில பதில்களில் என் சொந்தக் கதை கொஞ்சம் தலையை நீட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குக் கடை மேல இஷ்டமே இல்ல. என்ன பண்றது?

எது இஷ்டமில்லை என்று கேட்டீர்களா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு மாவு மில்காரர், "அவனுக்குத் தூசி ஒத்துக்கலயாம்" என்றார். பையன் இன்ஜினியரிங் முடித்தவன். ஆதார் நகல் கொடுக்க வந்தபோது அவனையே கேட்டேன். தூசி ஒரு பொருட்டே இல்லை என்றான். காலை ஆறு மணிக்குத் திறந்து ராத்திரி ஒன்பதரைக்கு மூடுகிற கடையில் ஐந்து வருடம் கூடமாட நின்றிருக்கிறான். ஒரு நாள் வரும்படி எவ்வளவு என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. யாராவது பத்து ரூபாய் குறைக்கச் சொன்னால் அப்பாவுக்கு போன் போட வேண்டும். ஒரு தடவை சல்லடை கிழிந்துவிட்டதென்று 1,800 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டிருக்கிறான். அப்பா வந்து, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே, "யாரைக் கேட்டுடா வாங்கின?" என்று கேட்டிருக்கிறார். "அன்னையோட மனசு விட்டுப் போச்சு மேடம். இப்ப அம்பத்தூர்ல பதினெட்டாயிரத்துக்குப் போறேன். அங்க என்னைக் கேட்டுத்தான் பொருள் வாங்குறாங்க."

நான் பார்த்த வரையில் பிள்ளைகள் பாதிப் பேர் தொழிலை வெறுப்பவர்கள் இல்லை. கடையில் தங்களுக்கு என்ன இடம் என்று தெரியாதவர்கள். அப்பாக்கள் ஷட்டர் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். செக் புக்கைக் கொடுப்பதில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டவனுக்குக் காலையில் சீக்கிரம் எழுந்திருக்கிற வேலை ஒன்றுதான் கூடியிருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்வேன். கடையில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து, மூன்று மாதத்துக்கு முழுதாக அவனிடம் விடுங்கள். இரும்புக் கடையென்றால் நட்டு, போல்ட்டு, வாஷர். ஜவுளிக்கடையென்றால் நைட்டியும் லுங்கியும். எங்கே வாங்குவது, என்ன விலைக்கு விற்பது, யாருக்குக் கடன் சொல்வது எல்லாம் அவன் பாடு. லாபமும் அவனுடையது, நட்டமும் அவனுடையது. நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது வாரத்திலேயே இந்தச் சோதனையில் ஒருவர் தோற்றுவிடுவார். அது பெரும்பாலும் பையனாக இருப்பதில்லை.

மூன்று மாதம் முடிந்தும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சமும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பிடிக்காத வேலையில் உட்காருகிறவன் கல்லாவையும் கெடுப்பான், உடம்பையும் கெடுத்துக்கொள்வான்.

நல்லா படிக்க வெச்சதுதான் தப்பா?

தப்பில்லை. ஆனால் இருபது வருடமாக நீங்களே என்ன சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். "நீயாவது இந்தக் கல்லாவுல குந்தாம ஏசி ரூம்ல குந்து." அவன் அதைத்தான் செய்திருக்கிறான். உங்களுக்கு 58 வயதாகி முட்டி வலிக்கத் தொடங்கியதும் பேச்சை மாற்றினால் அவனுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

வடசென்னைக்கு இதில் தனிப் பழக்கம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் வாரிசு என்றால் கடையை விட வேலைதான் முதலில் நினைவுக்கு வரும். துறைமுகம், ரயில்வே, பெரம்பூர் பின்னி மில் என்று அப்பா போன கேட்டுக்குள் மகனும் போவான் என்று ஒரு தலைமுறை நம்பியிருந்தது. பின்னி மில் 1996இல் மூடியபோது அந்த நம்பிக்கையும் போயிற்று. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த கடைக்காரர்கள்கூடத் தங்கள் பிள்ளைகளை மாதச் சம்பளத்துக்கே அனுப்பினார்கள். ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாதச் சம்பளக்காரனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்த வயசுல கடைக்குக் கூட்டிட்டு வரலாம்?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. 2016இல் வந்த திருத்தத்தின்படி, சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் உதவி செய்யலாம். படிப்பு கெடக் கூடாது, ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது. மில் பெல்ட், வெல்டிங், ஆசிட் பக்கம் பிள்ளையை விடாதீர்கள்.

சட்டத்தைத் தாண்டி ஒன்று: பிள்ளைகள் கடையை வேலையாகப் பார்ப்பதற்கு முன்னால் வேடிக்கையாகப் பார்க்க வேண்டும். சில்லறை எண்ணுவது, போணி ஆனதும் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, பூ மாற்றுவது. இதெல்லாம் பத்து வயதில் ஒட்டும், இருபத்திரண்டில் ஒட்டாது.

கடையில நிக்கிற பையனுக்குச் சம்பளம் தரணுமா? எல்லாமே அவனுக்குத்தானே?

தரணும். ஒன்றாம் தேதி, பேங்க் மூலமாக.

"எல்லாம் உனக்குத்தான்" என்பது ஒரு நாள் வரப்போகிற பேச்சு. அவனுக்கு இன்றைக்குப் பெட்ரோல் போட வேண்டும், நண்பன் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை இருநூறு ரூபாய்க்குக் கல்லாவைத் திறந்து எடுத்தால் அது திருட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கேட்டு வாங்கினால் பிச்சை மாதிரி. கல்யாணம் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். மருமகள் முன்னால் மாமனாரிடம் கையேந்த எவனும் விரும்ப மாட்டான்.

கணக்குக்கும் இது நல்லது. செய்கிற வேலைக்கு நியாயமான சம்பளமாக இருந்தால் கடைச் செலவாக எழுதலாம். அவனுக்குத் தனியாக வருமானவரி ரிட்டர்ன் போட்டால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும். கடையில் பத்து வருடம் உழைத்துவிட்டு, பேங்க்கில் "வருமானம் இல்லை" என்று திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பொண்ணுதான் இருக்கா. இல்லன்னா, பையன் வேண்டாம்ன்றான், பொண்ணு கேக்குறா. குடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. அதுதான் என் வருத்தம்.

சட்டத்தில் சந்தேகமே இல்லை. நீங்கள் சொந்தமாகச் சம்பாதித்த கடை, உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உங்கள் அம்மா உயிரோடிருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே பெண்களுக்குப் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் வந்த உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முஸ்லிம் குடும்பங்களுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆனால் மகளுக்குப் பங்கே இல்லை என்று எதுவும் சொல்லவில்லை.

பங்கு வேறு, கடையில் உட்காருவது வேறு. எங்கள் கடையில் நான் பதினொரு வயதிலிருந்து பாத்திரத்தில் பேர் வெட்டினேன். எவர்சில்வர் டம்ளரை மடியில் துணி போட்டு அதன்மேல் சாய்த்து வைத்து, முதலில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, அப்புறம் மிஷின் முனையை அதன்மேல் ஓட்ட வேண்டும். கை நடுங்கினால் எழுத்து வழுக்கும். "ழ" போடுவதுதான் கஷ்டம், சுழி சறுக்கிக்கொண்டே போகும். ஒரு சீர்வரிசைக்கு வந்த பெரிய பித்தளை அண்டாவில் மாப்பிள்ளை இனிஷியலை மாற்றி வெட்டிவிட்டேன். பெண் வீட்டார் கத்தினார்கள். அப்பா வேறு அண்டா எடுத்துக் கொடுத்தார், கெட்டதைப் பழைய எடை விலைக்குக் கணக்கெழுதினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "இனிமே பேரை அவங்க கையாலயே இதுல எழுதச் சொல்லு, அப்புறம் வெட்டு" என்றார். கடை மூடும் வரை அந்த நோட்டு ஓடியது.

இவ்வளவு பக்குவமாகக் கற்றுக்கொடுத்த மனிதர், கடையை எடுக்கிறாயா என்று தம்பியை மூன்று தடவை கேட்டார். தம்பி ஓஎம்ஆரில் ஐடி வேலையில் இருந்தான், மூன்று தடவையும் மழுப்பினான். என்னை ஒரு தடவையும் கேட்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பியே, "அக்காவைக் கேளேன்பா" என்றிருக்கிறான். "அவ வேற வீட்டுக்குப் போயிட்டாடா" என்றாராம். நான் வாழ்க்கைப்பட்டுப் போனது காலடிப்பேட்டைக்கு. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஐந்தாவது ஸ்டேஷன்.

நீங்களாவது கேட்டுவிடுங்கள். அவள் வேண்டாமென்று சொன்னால் சொல்லட்டும்.

ரெண்டு பசங்க. ஒருத்தன் கடையில, ஒருத்தன் துபாய்ல. எப்படிப் பிரிக்கிறது?

கடை என்று ஒரே சொல்லில் சொல்வதால் வருகிற சண்டை இது. அதற்குள் மூன்று பொருள் இருக்கிறது: கட்டடம், சரக்கும் வெளியே நிற்கிற பாக்கியும், பல வருடமாகச் சேர்ந்த பேர். கட்டடத்தில் இரண்டு பேருக்கும் பங்கு வைக்கலாம். சரக்கும் பேரும் உழைக்கிறவனுக்குப் போவதுதான் நியாயம். வெளியில் இருப்பவனுக்கு அவன் பங்குக்கான வாடகையைக் கடைக்காரன் கொடுக்கட்டும். அண்ணன் தம்பிக்குள் வாடகையா என்று முகம் சுளிப்பார்கள். எழுதாத வாடகைதான் பிறகு கோர்ட்டுக்குப் போகிறது.

கட்டடத்தைக் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் பத்திரமாக, அதாவது விலை வாங்காமல் பிள்ளை பேருக்கு மாற்றிக் கொடுக்கிற பத்திரமாக, எழுதினால் முத்திரைத்தாள் கட்டணம் மதிப்பில் 1 சதவீதம், 2023 ஜூலையில் மாற்றியபடி அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. கிரயம் செய்வதோடு ஒப்பிட்டால் இது சில்லறை. ஆனால் கையைக் கழுவிவிட்டு எழுதாதீர்கள். நீங்களும் வீட்டுக்காரம்மாவும் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே என்று ஒரு வரி சேருங்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதுங்கள். பிள்ளை பார்க்காமல் விட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அந்த நிபந்தனைதான் பிடி.

உயில் எழுதப் போகிற முஸ்லிம் பெரியவர்களுக்கு ஒன்று: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுதினால் மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணடியில் இதைத் தெரியாமல் எழுதியவர் யாரையும் நான் பார்த்ததில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வாடகைக் கடை. தாத்தா காலத்துல பகடி குடுத்தது. பையனுக்கு வருமா?

பகடி என்றால் மாத வாடகை போக, கடையைப் பிடிக்க முன்னாடியே மொத்தமாகக் கொடுத்த பணம். ஜார்ஜ் டவுனிலும் சவுகார்பேட்டையிலும் கடையின் உண்மையான மதிப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். குடியிருப்பவர் இறந்தால் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற காலம் வரைதான் வாரிசுகளுக்கு. பகடிப் பணத்துக்கு உங்களிடம் காகிதம் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் அபூர்வமான ஆள்.

கட்டட முதலாளியும் நீங்களும் முகம் கொடுத்துப் பேசுகிற காலத்திலேயே பிள்ளை பேரையும் சேர்த்துப் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். கோயில் இடமென்றால் ரசீது யார் பேரில் வருகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தாத்தா பேரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அறநிலையத் துறையில் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுப்பதுதான் முதல் வேலை.

எல்லாம் அப்பா பேர்ல இருக்கு. திடீர்னு அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?

தனி உரிமையாளர் கடையில் அப்பாவும் கடையும் சட்டத்துக்கு ஒரே ஆள். அவர் போனால் ஜிஎஸ்டி நம்பரும் கரண்ட் அக்கவுன்ட்டும் அவரோடு நின்றுவிடும்.

அப்பா காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்று, வாசலில் இருந்த கியூஆர் பெட்டி வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தது. யாரோ பழைய பாக்கியைக் கட்டியிருக்கிறார்கள், "இருநூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்றது. அந்தப் பணத்தைப் பெற வேண்டிய அப்பா படத்தில் மாலையோடு இருந்தார். பேங்க்குக்குச் சொன்னதும் கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்தினார்கள். அது முறைதான். நாமினி போடாததால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அலைந்தோம். ஒரே காகிதத்தை மூன்று தடவை கேட்டு வாங்கினார்கள். நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் கடையில் வேலை செய்த இரண்டு பேருக்குச் சம்பளம் என் கைக்காசு. ஊருக்கெல்லாம் கணக்கெழுதும் எனக்கு என் அப்பா கணக்கில் நாமினி போடத் தோன்றவில்லை.

கடையைத் தொடர்வதென்றால் செய்ய வேண்டியது இது. இறப்புச் சான்றிதழ் வாங்கியதும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், தாசில்தார் கொடுப்பார். கடையை எடுக்கிறவர் தன் பான் எண்ணில் 30 நாளுக்குள் புது ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், காரணமாக உரிமையாளர் மரணம் என்று குறிப்பிடலாம். பழைய கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டி இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டியை, ஐடிசி-02 படிவத்தில் புதுக் கணக்குக்கு மாற்றலாம். அதை முடித்துவிட்டுப் பழைய பதிவை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் அந்த வரிப் பணம் மாட்டிக்கொள்ளும். ஹோட்டல், மளிகை, ஸ்வீட் கடைக்காரர்களுக்கு உணவு உரிமம் உண்டல்லவா, அது உரிமையாளர் இறந்த நாளிலிருந்து 90 நாள் வாரிசுகளுக்குச் செல்லுபடியாகும். அதற்குள் பேர் மாற்ற வேண்டும்.

முன்னாடியே பையனைப் பார்ட்னரா சேத்துட்டா?

நல்ல வழி, அவன் உண்மையிலேயே வரப்போகிறான் என்றால். புதுப் பான், புது ஜிஎஸ்டி எண், புதுக் கரண்ட் அக்கவுன்ட். செக்கில் இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும் என்று வையுங்கள். இரண்டு பேர் மட்டும் உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும். மனைவியையோ மகளையோ மூன்றாவது ஆளாகச் சேர்த்து, ஒருவர் போனாலும் மற்றவர்கள் தொடர்வார்கள் என்று பத்திரத்தில் எழுதினால் நிற்கும்.

வரியைக் குறைக்க மட்டும், பிள்ளைக்கே சொல்லாமல் பார்ட்னர் ஆக்குகிறவர்களும் வருகிறார்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை.

அப்பாவோட கடனும் எனக்கு வருமா? (இது ஒரு மகன் கேட்டது)

2005க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைப் பிடிக்க முடியாது. அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஜிஎஸ்டி பாக்கியில் மட்டும் கவனம்: கடையைத் தொடர்ந்து நடத்தினால் அந்தப் பாக்கி உங்கள் தலையில். மூடிவிட்டால் அவர் சொத்திலிருந்து மட்டும் வசூலிப்பார்கள்.

இதெல்லாம் காகிதத்தில் உள்ள கடன். நம் பக்கத்தில் பெரிய கடன் தண்டல்தான், தினம் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிக்கிற கடன். தினம் சாயங்காலம் சின்ன அட்டையோடு வந்து நிற்கிற ஆளை அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். கடையை எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நோட்டில் இல்லாதது அப்போது தெரியும்.

ஐடி வேலையை விட்டுட்டு அப்பா கடைக்கு வரலாமா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு. மாத விற்பனை 6,00,000. கொள்முதல் போக நிற்பது 15 சதவீதம், 90,000. கரண்ட், ஆள் சம்பளம் 32,000. பழைய வாடகை 8,000. கையில் 50,000. "பரவாயில்லயே" என்று தோன்றும்.

இப்போது இரண்டு வரி சேருங்கள். அப்பா தினம் பதினான்கு மணி நேரம் நிற்கிறார், அந்த வேலைக்கு ஆள் வைத்தால் 25,000. அதே தெருவில் அந்த இடத்துக்கு இன்றைய வாடகை 30,000, அதாவது 22,000 கூடுதல். மிஞ்சுவது 3,000. கடை சம்பாதிப்பதாக நினைத்தோமே, அது அப்பாவின் முதுகெலும்பும் பழைய வாடகையும் போட்ட காசு. அப்பா ஓய்ந்து, முதலாளி வாடகையை ஏற்றினால் கடை உங்களுக்கு டீச் செலவுக்குத்தான் தரும்.

இந்தக் கணக்கில் 20,000க்கு மேல் மிஞ்சினால் யோசிக்கலாம். மிஞ்சாவிட்டால் வியாபாரத்தை மாற்றும் எண்ணம் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கொத்தவால்சாவடியிலிருந்து 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது கூடவே போனவர்களும் உண்டு, இங்கேயே இருந்து வேறு சரக்குக்கு மாறியவர்களும் உண்டு. பழைய இடத்தில் பழைய சரக்கோடு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெட்ரோ வேலைக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தோண்டிப்போட்ட வருடங்களிலும் அப்படித்தான். போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்பிய கடைகள் தாக்குப்பிடித்தன. அந்த யோசனையைச் சொன்னவர்கள் அனேகமாகப் பிள்ளைகள்தான்.

வேலையை விடுமுன் மூன்று மாதம் சனி, ஞாயிறு கடையில் நில்லுங்கள். அப்பாவோடு ஒரே கல்லாவில் உட்கார முடிகிறதா என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

காசிமேட்டுல லாஞ்ச் இருக்கு. பையன் கடலுக்குப் போகமாட்டேன்றான்.

கடைக்குச் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தாது. கடையில் நாற்பது வயதில் வந்து உட்கார்ந்தாலும் கற்றுக்கொள்ளலாம். கடலைக் கரையிலிருந்து கற்க முடியாது. இருபத்தைந்து வரை போகாதவன் இனிப் போக மாட்டான், வற்புறுத்தவும் கூடாது, உயிர் விஷயம். ஆனால் படகு வைத்திருப்பதும் கடலுக்குப் போவதும் வேறு வேறு வேலை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துத் தொழிலாளிகளோடு பங்கு பிரிக்கிற கணக்கு, ஏலத்தில் நின்று விலை பேசுவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இன்ஜின், வலை, பலகை வேலையை முடிப்பது இதையெல்லாம் அவன் பார்க்கலாம். பார்க்க முடியாதென்றால் படகு ஓடும் நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். கட்டிப்போட்ட படகுக்கு விலையே கிடையாது.

யாருமே வரலன்னா, கடையில இருக்கிற பையனுக்குக் குடுக்கலாமா?

ஏன் கூடாது? அண்ணாச்சி கடைகளில் இது புதுசா? தெற்கத்திச் சீமையிலிருந்து பதினெட்டு வயதில் வந்து நின்று, தொழில் கற்று, பத்து வருடம் கழித்துப் பக்கத்துத் தெருவில் சொந்தக் கடை போடுகிறார்களே. உங்களிடம் இருபது வருடம் இருந்தவருக்குச் சரக்கை மதிப்புப் போட்டுத் தவணையில் கொடுங்கள். உங்கள் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எனக்கு வேண்டாம்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? (ஒரு மகள் கேட்டது)

"இப்ப வேண்டாம்பா, அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் தம்பி அதைத்தான் ஆறு வருடம் சொன்னான். அந்த "அப்புறம்" என்ற ஒரு சொல்லை நம்பி அப்பா இரண்டு லட்சத்துக்குப் புது ரேக் போட்டார், வந்த விலைக்குக் கடையைக் கைமாற்ற மறுத்தார். வேண்டாம் என்றால் நேராகச் சொல்லுங்கள். கூடவே, "அடுத்த தீபாவளிக்குள்ள ஆளைப் பார்த்துக் கைமாத்தி விடலாம், நான் கூட இருக்கேன்" என்று ஒரு தேதியும் சொல்லுங்கள். ஒரு வாரம் பேச மாட்டார். அப்புறம் அம்மா மூலமாகப் பேசுவார்.

மூடுறதுன்னு முடிவாயிடுச்சு. எப்படி மூடுறது?

தீபாவளி விற்பனை முடிந்த கையோடு மூடுங்கள், சரக்கு குறைந்திருக்கும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-10 போட வேண்டும். கையில் மிச்சமிருக்கும் சரக்குக்கு முன்பு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இதைப் பலர் மறந்துவிட்டு நோட்டீஸோடு வருவார்கள். வேலை செய்தவர்களுக்குக் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள். கியூஆர் பெட்டிக்கு மாத வாடகை பிடித்துக்கொண்டே இருப்பார்கள், திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கார்ப்பரேஷன் தொழில் உரிமத்தையும் எழுதிக்கொடுத்து முடியுங்கள்.

பாக்கி நோட்டில் உள்ளவர்களுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அப்பா போய்விட்டார் என்று தெரிந்ததும் இருபத்தேழு பேர் தாங்களாகவே வந்து கட்டினார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு ஆயா தூக்குவாளிக்கு எண்பது ரூபாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நோட்டில் தன் பேரை அடிக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கடைசியாக அட்வான்ஸ். கட்டட முதலாளி எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், அட்வான்ஸ் பணம் கைக்கு வந்த பிறகு ஷட்டர் சாவியைக் கொடுங்கள். நாங்கள் சாவியை முதலில் கொடுத்தோம். வெள்ளையடிக்க, பூட்டு மாற்ற என்று கழித்துப் பாதிதான் வந்தது.